ஜிலேபிக்கு எத்தனை யூனிட்

புதூர்நாட்டில் பாஷா பாயை எல்லோருக்கும் இரண்டு காரணங்களால் தெரியும். ஒன்று, கடுக்காய், ஆவாரம்பட்டை, தேன் என்று மலையில் எது கிடைத்தாலும் வாங்கி வாணியம்பாடிக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவர் அவர்தான். இரண்டு, அவர் பூனைக்கு ஊசி போடுகிறவர். முதல் காரணத்துக்காகப் பதினெட்டு வருஷமாக மரியாதை கொடுத்துவந்த ஊர், இரண்டாவது காரணத்துக்காக ஒரே மாதத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. மனிதர்களுக்கே ஊசி கிடைக்க அரை நாள் நடக்க வேண்டிய மலையில், பூனைக்குக் காலையும் மாலையும் ஊசி என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 1963ஆம் வருஷம் முழுக்க அவருக்கு வந்ததெல்லாம் குழப்பம்தான்.

பூனையின் பெயர் ஜிலேபி. நல்ல மஞ்சள் நிறக் கடுவன். பெயர் வைத்தது பாயின் மனைவி ரபியா. அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்து, இனி இனிப்பு வாசனையே ஆகாது என்று மலைக்குக் கீழே டாக்டர் சொல்லி அனுப்பிய வாரத்தில் அந்தக் குட்டி எங்கிருந்தோ வந்து கடுக்காய் மூட்டைக்குள் புகுந்துகொண்டது. வூட்டுல ஒரு ஜிலேபியாவது இருக்கட்டுமே என்றாளாம். தான் சாப்பிட முடியாததை எல்லாம் அதற்கு ஊட்டினாள். சுண்டக் காய்ச்சிய பால், பாலில் சர்க்கரை, பெருநாளைக்குச் சேமியா. நாலே வருஷத்தில் ஜிலேபி நடந்தால் வயிறு தரையைத் தொட்டது. குழந்தை இல்லாத வீடு. ஊட்டுகிறவளைத் தடுக்கப் பாய்க்கு மனசு வரவில்லை.

பாயின் குடோனும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் மூட்டை, பின்பக்கம் குடித்தனம். தேன் டின்களை மட்டும் மூட்டைகளோடு வைக்க முடியாது, எறும்பு மொய்த்துவிடும். அதனால் அவை ரபியாவின் கட்டிலுக்கு அடியில், தண்ணீர் ஊற்றிய தட்டுகளின் நடுவில் இருக்கும். இனிப்பைத் தொடக்கூடாத பெண்ணைத் தேனுக்கு மேலே படுக்கவைத்த புண்ணியவான் நம் பாய். ரபியா அதையும் வேடிக்கையாக்கிக்கொண்டாள். பட்டை வெட்டுகிற சடையன் புதுத் தேன் கொண்டுவந்து டின்னை இறக்கும்போதெல்லாம், ஒரு விரல் தேன் குடுங்களேன் என்று கெஞ்சுவாள். பாய் கொடுக்கமாட்டார். அவள் தன் விரலையே நக்கிக் காட்டிச் சிரிப்பாள். பாயும் சிரிப்பார், டின்னின் மூடியை இன்னும் ஒரு முறை அழுத்திவிட்டு.

இன்சுலினைத் தினமும் காலையில் அவரே போட்டார். ஈர மணல் போட்ட பானைக்குள் மருந்துக் குப்பி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடி ஊசி, பக்கத்தில் மூத்திரத்தைச் சோதிக்க நீலத் திரவம். எட்டுச் சொட்டு மூத்திரத்தை ஒரு தேக்கரண்டி திரவத்தில் விட்டுக் கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் ஏகத்துக்கும். இருபது யூனிட்டில் தொடங்கிய ஊசி நாலு வருஷத்தில் இருபத்தெட்டுக்கு வந்தது. ஒரு நாள்கூட அவர் தவறவிட்டதில்லை.

போன ஐப்பசியில் ரபியா மலைக்காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் உடம்பு வேர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, பாயைத் தன் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அன்றைக்கு ஊரில் இல்லை. பாய் இரண்டு கம்பளி போர்த்தினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். காய்ச்சலிலும் ஊசியை விடவில்லை, அளவையும் குறைக்கவில்லை. கடைசியாக அவள் தேன் கேட்டாள், அப்போதுகூட ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அழுவார். அழுகைக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவரைப் போல மனைவியைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று ஊரும் சொன்னது.

அடுத்த ஆனியில் ஜிலேபி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. பூனை தண்ணீர் குடிப்பதில் அதிசயம் இல்லை, ஆனால் இது பானையடியில் சொட்டுகிற தண்ணீருக்குக்கூடக் காத்துக் கிடந்தது. வைத்ததை எல்லாம் தின்றது, தின்னத் தின்ன இளைத்தது. பின்வாசலில் அது மூத்திரம் பெய்த மண்ணில் எறும்புகள் வட்டமாக மொய்த்திருந்ததைப் பாய் ஒரு காலையில் பார்த்தார். இந்த எறும்புகளை அவருக்குத் தெரியும். நாலைந்து வருஷத்துக்கு முன், ரபியாவின் வியாதி தெரிவதற்கு முன்னால், இதே இடத்தில் இதே மாதிரி பார்த்தவர்தான். ரபியா விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான், இதையும் அதே வியாதி கொண்டுபோகப் பார்க்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பூனையிடம் மூத்திரம் வாங்குவது லேசான காரியமா? மண்ணில் பெய்தால் மண் குடித்துவிடும். சாம்பலில் பெய்தால் சாம்பல் குடித்துவிடும். வெறும் தட்டில் ஜிலேபி பெய்யாது, அதற்கு எதையாவது பறிக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒரு தகரத் தட்டு நிறையப் புளியங்கொட்டையைக் கொட்டிவைத்தார். ஜிலேபி கடகடவென்று கொட்டையைப் பறித்து, காரியத்தை முடித்து, மறுபடி கடகடவென்று மூடிவிட்டுப் போனது. தட்டைச் சாய்த்தால் மூத்திரம் அப்படியே வடிந்தது. கொதிக்கவைத்தார். செங்கல் நிறம்.

வியாதி தெரிந்துவிட்டது. ரபியாவின் மருந்தும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. எத்தனை யூனிட் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தேவராஜிடம் போனார். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஆஸ்பத்திரியில் மற்ற ஆறு நாளும் தேவராஜ்தான் டாக்டர். முதலில் சிரித்தார், பிறகு பாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பூனை வைத்தியம் தனக்குத் தெரியாது, ஆனால் சர்க்கரைக்கு வழி ஒன்றுதான் என்றார். தினமும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், ஒரே ஊசி. அத்தனூண்டு உடம்புக்குக் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு போதும். தினம் தினம் நிறத்தைப் பார்த்து அளவை மாற்றினால் உடம்பு திண்டாடிப்போகும். பார்க்கவே வேண்டாம், போட்டுக்கொண்டே இரும் என்றார்.

பாய்க்குப் பாதி மனசுதான். அந்த வாரம் கடுக்காய் லாரியிலேயே திருப்பத்தூர் இறங்கி, மாட்டாஸ்பத்திரியில் ராஜேந்திரன் என்கிற இளம் டாக்டரைப் பார்த்தார். வரிசையில் எட்டு மாடு, இரண்டு எருமை, கடைசியில் கூடைக்குள் ஒரு பூனை. ராஜேந்திரன் சிரிக்கவில்லை, அதற்குப் பதில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவர் சொன்னது தேவராஜ் சொன்னதற்கு நேர் எதிர். ஒவ்வொரு வேளையும் மூத்திரத்தைப் பார்த்துத்தான் ஊசி. செங்கல் என்றால் மூன்று, மஞ்சள் என்றால் இரண்டு, பச்சை என்றால் ஒன்று.

"நீலமா இருந்தா ஊசியே போடாதீங்க. ஏத்தறது மாதிரியே எறக்கவும் தெரியணும் பாய்" என்றார்.

பாய் லாரியில் மலையேறும்போது கூடையைத் தொடையில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே வந்தார். ஒருவர் பார்க்காதே என்கிறார், ஒருவர் பார்க்காமல் போடாதே என்கிறார். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். முதல் வாரம் தேவராஜ் சொன்னபடி போட்டார். மனசு கேட்காமல் திருட்டுத்தனமாக நிறத்தைப் பார்த்தார், செங்கல். அடுத்த வாரம் ராஜேந்திரன் சொன்னபடி போட்டார். காலையில் மூன்று, சாயங்காலம் ஒன்று, மறுநாள் இரண்டு, ஒரு வேளை பூனை பெய்யவே இல்லை, அப்போது எத்தனை என்று புத்தகத்தில் இருந்ததா என்று கேட்க மறந்துவிட்டார். ஒரு நாள் காலை வேளை கம்பவுண்டருக்கும் சாயங்கால வேளை மாட்டு டாக்டருக்கும் என்று பிரித்துக்கூடப் பார்த்தார். ஜிலேபி இளைத்துக்கொண்டே போனது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

மனிதன் ரொம்பவும் குழம்பினால் தனக்குத் தெரிந்த வேலைக்குத்தான் திரும்புவான். பாய்க்குத் தெரிந்த வேலை தோல் வேலை. மலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்பில் தொட்டியடியில் நின்றவர். பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் காரமான பட்டைத் தண்ணீரில் போடமாட்டார்கள். மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே அழுகிவிடும். முதலில் நீர்த்த தண்ணீர், பிறகு கொஞ்சம் கெட்டி, அப்புறம் அதைவிடக் கெட்டி. தினமும் தோலை இழுத்துப் பார்த்து, தோல் கேட்கிற அளவுக்குக் காரத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு தடவை ஏற்றிய தோலைப் பழைய நீர்த்த தொட்டிக்குத் திருப்பக்கூடாது. குடித்த சாரம் வெளியேறி, தோல் சக்கையாகிவிடும். பையனாக இருந்தபோது ஒரு முறை தெரியாமல் திருப்பிப் போட்டதற்கு மேஸ்திரியிடம் வாங்கிய அறை அவர் காதில் இன்னும் இருக்கிறது.

ஆக, பாய் மூன்றாவது ஒரு வழி கண்டுபிடித்தார். வேளைக்கு ஒன்றில் தொடங்குவது. மூன்று நாளுக்கு ஒரு முறை நிறத்தைப் பார்ப்பது. சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் ஒரு யூனிட் ஏற்றுவது. ஏற்றியதை ஒருநாளும் இறக்குவதில்லை. ரபியாவுக்கும் அப்படித்தானே செய்தோம் என்று நினைத்துக்கொண்டபோது குழப்பம் பாதி தெளிந்த மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வழி முதலில் பலித்தது. நாலு யூனிட்டில் ஜிலேபி தண்ணீர்ப் பானையை விட்டு விலகியது. ஐந்தில் முதுகில் சதை பிடித்தது. ஆறில் ஒரு நாள் பட்டை மூட்டை மேல் தாவி ஏறி, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் கொதிக்கவைத்த திரவம் நீலமாகவே நின்றது. பாய் அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போய் தேவராஜிடம் காட்டிவிட்டு வந்தார். தேவராஜும் அது தன் வழி என்றே நினைத்துத் தலையாட்டினார். எத்தனை யூனிட் என்று அவர் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதர்களுக்கு அநேகமாக இல்லாத ஒரு பாக்கியம் சில பூனைகளுக்கு உண்டு. சில வாரமோ சில மாதமோ ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கிவிட்டால், உடம்பு தானே விழித்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகு வெளி மருந்து குறைவாகத்தான் வேண்டும், வேண்டாமலும் போகும். நீலம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாய் பார்த்தார், சந்தோஷப்பட்டார், மறுநாளும் ஆறு போட்டார். அதற்கு மறுநாளும் ஆறு.

ஐந்தாம் நாள் காலை ஜிலேபி பாலை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் போனது. பாய் ஊசியைத் தவறவிடவில்லை. சடையன் அப்போது பட்டைக் கட்டோடு வந்திருந்தார், பாய் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ தட்டு உருண்டது. போய்ப் பார்த்தால் கட்டிலருகே ஜிலேபி குடித்தவன் போலத் தள்ளாடிக்கொண்டிருந்தது. கால் பின்னி விழுந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. பாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவரைப் பார்த்தது, ஆனால் யாரென்று தெரிந்துகொள்ளவில்லை. சடையனைக் கம்பவுண்டரிடம் ஓடச் சொல்லிவிட்டு, பாய் அதைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். குளிர் என்று நினைத்தார். கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார்.

தேவராஜ் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை போட்டீர் என்று கேட்டார். ஆறு என்றார் பாய். தேவராஜ் கம்பளியை இழுத்துத் தள்ளிவிட்டுச் சர்க்கரை கேட்டார். அந்த வீட்டில் சர்க்கரை ஏது? ரபியா போனதிலிருந்து வாங்கவே இல்லை. தேவராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்தார்.

"பாய், அந்த டின்னத் தொறங்க. சீக்கிரம்."

பாய்க்கு எதற்கு என்று புரியவில்லை. சர்க்கரை வியாதிக்குத் தேனா என்று கேட்டார். கை மட்டும் மூடியைத் திறந்தது. தேவராஜ் விரலைத் தேனில் முக்கி, பூனையின் ஈறில் தடவினார். மறுபடி முக்கினார், மறுபடி தடவினார். சடையன் வாசற்படியில் மூச்சு வாங்கியபடி நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுக்கம் லேசாகக் குறைந்தது. நாக்கு வெளியே வந்து உதட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜிலேபி தலையைத் தூக்கி, பாயைப் பார்த்து, மெல்ல மியாவ் என்றது. இந்த முறை ஆளைத் தெரிந்துதான் கூப்பிட்டது. பாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேவராஜுக்கும் உயிர் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, பூனையின் தலையைத் தடவியபடி, பாயைக் கொஞ்சம் கடிந்தும் கொஞ்சம் ஆறுதலாகவும் பேச ஆரம்பித்தார். ஊசி வேலை செய்யச் சாப்பாடு வேண்டும். சாப்பிடாத வயிற்றில் முழு ஊசி போட்டால் இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் அது வழித்துக்கொண்டு போய்விடும். அப்போது ஒரு வாய் இனிப்புப் போதும், ஆள் எழுந்துவிடுவான். அது தெரியாமல்தான் எத்தனையோ பேர் போய்விடுகிறார்கள் என்றார். ஒரே ஊசி என்று சொன்னேனே, ஒரே சாப்பாடு என்றும் சொன்னேனே, அதைக் கேட்டீர்களா என்றார்.

பாய் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுஷங்களுக்கும் இப்டித்தானா?"

"எல்லாருக்கும் இப்டித்தான் பாய்."

"வேர்த்துக் கொட்டுமா?"

"கொட்டும். பூனைக்குத் தெரியாது, மனுஷனுக்குச் சட்ட நனஞ்சிடும்."

"பேர மாத்திக் கூப்புடுவாங்களா?"

பூனைக்கு ஏது பேச்சு என்று சிரிக்க வாயெடுத்த தேவராஜ், பாயின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஐப்பசியில் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தக் கதையை அவரும் கேட்டவர்தான். வாசற்படியில் நின்ற சடையன் தலையைக் குனிந்துகொண்டார். ரபியா போன அன்றைக்குக் கட்டிலடியில் நாலு டின் இருந்தது. இறக்கிவைத்தவர் அவர்தான்.

"அவ மூணு நாளா ஒண்ணும் துன்னல" என்றார் பாய். "கஞ்சி குடுத்தாலும் வாந்தி. நான் இருவத்தெட்டும் போட்டேன். ஒரு கோடு கொறைக்கல."

"அது காய்ச்சல் பாய். மலைக்காய்ச்சல் யார விட்டுச்சி" என்றார் தேவராஜ். அவர் குரல் அவருக்கே நம்பிக்கையாக இல்லை.

இருக்கலாம். காய்ச்சலாகவும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஆள் அன்றைக்கும் ஊரில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பாய் கம்பவுண்டரின் முகத்தையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தெட்டு யூனிட் என்று யார் சொன்னது, டாக்டர் சொன்னதா, தானே ஏற்றியதா என்பதுகூட இப்போது அவருக்குக் கலங்கிப்போயிற்று. ஒன்று மட்டும் கலங்கவில்லை. அந்தக் காலையில் ரபியா கெஞ்சவில்லை, விரலை நக்கிக் காட்டவில்லை, சிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கையைத் தொங்கவிட்டு, டின்னின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவர் அந்தக் கையை எடுத்துக் கம்பளிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினார்.

"தேன் கேட்டா, தேவராஜ்" என்றார்.

ஜிலேபி பாயின் கையை முகர்ந்தது. பாய் விரலைத் தேனில் விட்டு நீட்டினார். அது சுத்தமாக நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. போதும், இனி பால் கொடுக்கலாம் என்று தேவராஜ் மெதுவாகச் சொன்னார். பாய் மறுபடியும் விரலை டின்னுக்குள் விட்டார்.